சர்வீஸ் மிஸ் பண்ணவனைத் திட்டாதீங்க மக்களே!

பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு வந்து ரெண்டு வாரம் ஆகுது. வந்ததுலேர்ந்து ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம், அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. ஆனா ஒரு விஷயம் மனசுக்குள்ள கிடந்து குடைஞ்சுக்கிட்டே இருக்கு. யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும். வீட்ல சொன்னா "உனக்கு வேற வேலையே இல்லையா?"ன்னு ஒரே வரியில முடிச்சிருவாங்க. அதனால உங்ககிட்ட வந்துட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

விஷயம் வாலிபால். பேப்பர்ல கைப்பந்துன்னு போடுவாங்க. எங்க ஊர்ல அப்படிச் சொன்னா ஒருத்தருக்கும் புரியாது.

எங்க ஊர் திருச்செந்தூர் பக்கம். சுத்திலும் தேரிக்காடு, செம்மண். கிரிக்கெட்டுக்குப் பிட்ச் போடணும், ஃபுட்பாலுக்குப் பெரிய மைதானம் வேணும். வாலிபாலுக்கு ரெண்டு கம்பம், ஒரு நெட், ஒரு பந்து போதும். அதனால எங்க பக்கம் ஊருக்கு ஒரு டீம் உண்டு. பொங்கல் வந்தா மின்னொளி ஆட்டம். மைக்கை ஒருத்தர் பிடிச்சார்னா விடிய விடிய விடமாட்டார். இப்பல்லாம் யூடியூப்ல நேரலை வேற.

இந்த வருஷம் எங்க ஊர் டீம் பைனலுக்கு வந்துச்சு. எதிர்ல பக்கத்து ஊர். அவங்க நல்ல டீம், ரெண்டு பேர் காலேஜ் டீம்ல ஆடுறவங்க. மூணு செட் ஆட்டம். முதல் செட் நாங்க 25-22. ரெண்டாவது செட் அவங்க 25-21. மூணாவது செட் 15 பாயிண்ட். 13-14ன்னு நாங்க பின்னாடி இருக்கோம், சர்வீஸ் எங்களோடது. சர்வீஸ் போட வந்தவன் 17 வயசுப் பையன். பாலிடெக்னிக் படிக்கிறான். எங்க டீம்லயே ஜம்ப் சர்வீஸ் போடுற ஒரே ஆள் அவன்தான்.

சுத்தி இருந்த அத்தனை பேரும் கத்துறாங்க, "உள்ள போடு, உள்ள போடு"ன்னு. பையன் நாலு எட்டு பின்னாடி போனான், பந்தைத் தூக்கிப் போட்டான், ஓடி வந்து எகிறி அடிச்சான். பந்து நெட்ல.

அவ்வளவுதான். 15-13. கோப்பை போச்சு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடிக்கல. ஒருத்தர் தண்ணி பாட்டிலைத் தூக்கி எறிஞ்சார். "ஹீரோயிசம் காட்டுதியால?"ன்னு ஒரு சத்தம். அவங்க அப்பாவைப் பத்திக்கூட ஒருத்தர் பேசினார், அதை இங்க எழுத முடியாது. டீமைப் பாத்துக்கிற எங்க பெரியப்பா அந்த அளவுக்கு இறங்கல, ஆனா அவரும் விடல.

"ஏல, உள்ள போடுறதுக்கு என்னல கேடு? நீ உள்ள போட்டா அவன் எடுக்கணும், தூக்கணும், அடிக்கணும். மூணு எடத்துல அவன் தப்பு பண்ணலாம்லா? நெட்ல போட்டா அவன் சும்மா நின்னுக்கிட்டே கோப்பைய வாங்கிட்டுப் போறான்!"

பையன் ஒண்ணும் பேசல. சட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு இருட்டுல நடந்து போயிட்டான். மறுநாள் சாயங்காலம் கிரவுண்டுக்கு வரல. அதுக்கு மறுநாளும் வரல. நான் ஊர்ல இருந்து கிளம்புற வரைக்கும் வரல.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். காலேஜ் ரெண்டாவது வருஷம், ஒரு முக்கியமான மேட்ச். அஞ்சாவது செட். இதே மாதிரி ஒரு சர்வீஸ், இதே மாதிரி நெட். எங்க கோச் என்னை ஒண்ணும் சொல்லல. அடுத்த மேட்ச்ல பெஞ்ச்ல உக்கார வச்சார், அதுக்கு அடுத்ததுலயும். மறுபடி டீமுக்குள்ள வந்தப்ப நான் ஜம்ப் சர்வீஸை விட்டுட்டேன். பந்தை மெதுவா அந்தப் பக்கம் தள்ளிவிடுற வேலைதான். ஒரு வருஷத்துல ஆட்டமே சலிச்சுப் போச்சு. நான் வாலிபாலை விட்டதுக்கு வேலை, பெங்களூரு, முட்டிவலின்னு எல்லார்கிட்டயும் ஆயிரம் காரணம் சொல்வேன். உண்மையான காரணம் அந்த ஒரு சர்வீஸ்.

அதனாலதான் இந்தப் பதிவு. சர்வீஸ் மிஸ் பண்ணவனைத் திட்டுறதுக்கு முன்னாடி, அந்த மிஸ்ஸோட உண்மையான விலை என்னன்னு கணக்குப் போட்டுப் பாக்கணும்னு சொல்றேன்.

வாலிபால் பக்கமே போகாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். தெரிஞ்சவங்க ரெண்டு பத்தி தாவிடுங்க.

கோர்ட் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். நடுவுல நெட், ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர் உயரம். பக்கத்துக்கு 6 பேர், முன்னாடி 3, பின்னாடி 3. பின்வரிசையில வலது மூலைக்கு வந்தவர்தான் சர்வீஸ் போடணும். நடுவர் விசில் அடிச்சு 8 செகண்டுக்குள்ள போட்டாகணும். கடைசிக் கோட்டுக்குப் பின்னால 9 மீட்டர் அகலத்துக்கு எங்க வேணாலும் நிக்கலாம். அடிக்கிற நேரத்துல, ஜம்ப் பண்றதா இருந்தா எகிறுற நேரத்துல, கோட்டை மிதிக்கக் கூடாது. எகிறி அடிச்சிட்டு கோர்ட்டுக்குள்ள வந்து விழலாம், தப்பில்ல. பந்து நெட்டை உரசிட்டு அந்தப் பக்கம் விழுந்தா முன்னெல்லாம் ஃபவுல், இப்ப ஆட்டம் தொடரும்.

சர்வீஸ் போட்ட டீம் ஜெயிச்சா ஒரு பாயிண்ட், அதே ஆள் மறுபடி போடுவார். எதிரணி ஜெயிச்சா பாயிண்டும் அவங்களுக்கு, சர்வீஸும் அவங்களுக்கு. அவங்க 6 பேரும் கடிகாரம் சுத்துற திசையில ஒரு இடம் நகர்ந்துக்கணும். இந்தச் சுத்து இருக்கிறதாலதான் எவ்வளவு பெரிய அட்டாக்கரா இருந்தாலும் பின்வரிசைக்கும் போகணும், சர்வீஸும் போட்டாகணும். வரிசை மாறி வேற ஆள் போட்டுட்டா அதுக்கும் எதிரணிக்கு ஒரு பாயிண்ட். முதல் 4 செட் 25 பாயிண்ட், 5-வது செட் 15. எதுவானாலும் ரெண்டு பாயிண்ட் வித்தியாசம் வந்தாத்தான் முடியும்.

இதுக்குப் பேரு ரேலி முறை. பெரியப்பா ஆடின காலத்துல இப்படி இல்ல. அப்ப சர்வீஸ் போடுற டீமுக்கு மட்டும்தான் பாயிண்ட். எதிரணி ஜெயிச்சா அவங்களுக்கு சர்வீஸ் மட்டும் போகும், ஸ்கோர் அப்படியே நிக்கும். செட் 15 பாயிண்ட். கேக்க எளிமையா இருக்கு, ஆனா ரெண்டு நல்ல டீம் மோதினா சர்வீஸ் இங்கயும் அங்கயும் மாறி மாறிப் போய்க்கிட்டே இருக்கும். பத்து நிமிஷம் வேர்க்க விறுவிறுக்க ஆடியிருப்பாங்க, போர்டுல 6-6ன்னு எழுதினது அப்படியே இருக்கும். ஆட்டம் எப்ப முடியும்னு யாருக்கும் தெரியாது. டிவிக்காரங்களுக்கு இது சரிப்படுமா? 1988-ல 5-வது செட்டுக்கு மட்டும் ரேலி முறையைக் கொண்டுவந்தாங்க. 1998-ல சர்வதேச வாலிபால் சம்மேளனம் எல்லா செட்டுக்கும் அதையே ஆக்கிருச்சு. 2000 சிட்னி ஒலிம்பிக்தான் முழுக்க ரேலி முறையில நடந்த முதல் ஒலிம்பிக். நான் பொறந்ததும் 1998. எனக்கும் ரேலி முறைக்கும் ஒரே வயசு :-)

பெரியப்பாவுக்கு இந்த மாத்தம் இன்னிக்கு வரைக்கும் ஜீரணம் ஆகல. "14-4ல இருந்து ஏறி வந்து ஜெயிச்சிருக்கோம்ல நாங்க. இப்ப அது நடக்குமா?"ன்னு கேப்பார். அதுல நியாயம் இருக்கு. பழைய முறையில 14-4ல இருந்தாலும், சர்வீஸ் உங்க கையில இருக்கிறப்ப ஒரு பந்து தோத்தா சர்வீஸ்தான் போகும். எதிராளி அந்தக் கடைசி பாயிண்டை எடுக்க இன்னொரு பந்து ஜெயிக்கணும். இப்ப 24-14ல ஒரே ஒரு பந்து தோத்தாலும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். பழைய ஆட்டத்துல மன்னிப்பு கொஞ்சம் ஜாஸ்தி.

அதுக்காக இப்ப திரும்பி வரவே முடியாதுன்னு இல்ல. 2012 லண்டன் ஒலிம்பிக் ஆண்கள் பைனலை யூடியூப்ல தேடிப் பாருங்க. பிரேசில் முதல் ரெண்டு செட்டையும் எடுத்துருச்சு, மூணாவது செட்ல மேட்ச் பாயிண்டும் வந்துருச்சு. ரஷ்யா அந்த செட்டை 29-27னு பிடுங்கி, அடுத்த ரெண்டையும் 25-22, 15-9னு எடுத்துத் தங்கம் வாங்குச்சு. நடு பிளாக்கரா இருந்த 2.18 மீட்டர் உயர முசெர்ஸ்கியை வலது பக்க அட்டாக்கரா மாத்தினாங்க, அந்த ஆள் 31 பாயிண்ட் எடுத்தார். ரேலி முறையிலதான்.

சரி, இப்ப கணக்குக்கு வருவோம். பொட்டி தட்டுறவன் எக்ஸெல் திறக்காம பதிவு போட்டா நல்லாவா இருக்கும்?

முதல்ல ஒரு உண்மையைப் புரிஞ்சுக்கணும். டென்னிஸ்ல சர்வீஸ் போடுறவருக்குத்தான் அனுகூலம். வாலிபால்ல தலைகீழ். சர்வீஸை எடுக்கிற டீம்தான் முதல்ல அட்டாக் பண்ணப் போகுது. பாஸ், செட், அடின்னு மூணு தொடுதல் அவங்க கையில. பெரிய அளவிலான ஆண்கள் ஆட்டத்துல மூணுல ரெண்டு பந்துக்கு மேல சர்வீஸை எடுக்கிற டீம்தான் ஜெயிக்கும். அதனாலதான் டாஸ் ஜெயிச்ச பல கேப்டன்கள் "நாங்க ரிசீவ் பண்றோம்"னு சொல்றாங்க.

இப்ப ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். எதிர்ல நல்ல டீம். நாம லேசான சர்வீஸ் 10 போடுறோம், பத்தும் உள்ள விழுது. அவங்க அழகா எடுத்து, தூக்கி, அடிக்கிறாங்க. பத்துல 3 தான் நமக்குக் கிடைக்குது. 7 அவங்களுக்கு. சர்வீஸ் ஒண்ணுகூட மிஸ் ஆகல, அதனால யாரையும் யாரும் திட்ட மாட்டாங்க.

அடுத்து ஜம்ப் சர்வீஸ் 10 போடுறோம். 2 மிஸ். மிச்சம் 8 உள்ள விழுது. அதுல ஒண்ணு நேரா ஏஸ். சிலதை அவங்க தடுமாறி எடுக்கிறாங்க, செட்டருக்குப் பந்து சரியாப் போகல, அட்டாக் பலமா வரல, நம்ம பிளாக் ரெடியா நிக்குது. அந்த எட்டுல 4 நமக்கு வருதுன்னு வச்சுக்கோங்க. பத்துக்கு 4 நமக்கு, 6 அவங்களுக்கு.

3 பெரிசா, 4 பெரிசா? ரெண்டு மிஸ் ஆகியும் ரெண்டாவது ஆள்தான் டீமுக்கு அதிகம் சம்பாதிச்சுக் குடுத்திருக்கான். ஆனா எல்லார் கண்ணுலயும் பட்டது அந்த ரெண்டு மிஸ்.

சர்வீஸ் நெட்ல போனா "ஒரு பாயிண்ட் போச்சே"ன்னு கத்துறோம். லேசாப் போட்டிருந்தாலும் அந்தப் பாயிண்ட் பத்துக்கு ஏழு தடவை போகத்தான் போகுது. நாம உண்மையில இழந்தது பத்துக்கு மூணு வாய்ப்பு மட்டும்தான். லேசாப் போட்டுத் தோத்தா "அவன் நல்லா அடிச்சான்"னு சொல்லிக்கிறோம். மிஸ் பண்ணித் தோத்தா "இவன் கெடுத்தான்"னு சொல்றோம். ஸ்கோர் போர்டுல ரெண்டுக்கும் ஒரே ஒண்ணுதான்.

"13-14னு இருக்கிறப்ப இந்தக் கணக்கெல்லாம் பேசக்கூடாது"ம்பாங்க. ஏன் பேசக்கூடாது? 13-14ல சர்வீஸ் மிஸ் ஆனாலும் ஆட்டம் முடிஞ்சிரும், லேசாப் போட்டு அவங்க அடிச்சாலும் முடிஞ்சிரும். அந்த இடத்துலயும் எந்த சர்வீஸ் போட்டா இந்தப் பந்தை ஜெயிக்க அதிக வாய்ப்புன்னுதான் பாக்கணும்.

இன்னொண்ணு. பழைய முறையிலயும் கணக்கு இதேதான். அப்பவும் சர்வீஸ் போடுறவன் பந்தை ஜெயிச்சாத்தான் பாயிண்ட், அப்பவும் எடுக்கிறவனுக்குத்தான் அனுகூலம். மிஸ் ஆனா போர்டுல நம்பர் மாறாது, அதனால யாருக்கும் வலிக்காது. 1980-கள்ல பிரேசில்காரங்க ஜம்ப் சர்வீஸை ஒரு ஆயுதமாவே ஆக்கி, 1984 லாஸ் ஏஞ்சல்ஸ்ல வெள்ளி வாங்கினாங்க. அதே டீம்ல பெர்னார்ட்னு ஒருத்தர், கீழ் கையால பந்தை வானத்துக்கு அடிச்சு எதிராளி தலையில இறக்குவார், அதுக்கு ஊர்க்காரங்க ஸ்டார் ட்ரெக் சீரியல் பேரையே வச்சாங்க. 1998-ல ரேலி முறை வந்தப்ப "இனிமே பயந்து பயந்துதான் சர்வீஸ் போடுவாங்க"ன்னு நினைச்சிருந்தா அது நியாயமான சந்தேகம்தான். நடந்தது வேற. பெரிய ஆட்டத்துல ஆண்கள் இப்ப முன்னைவிட வெறியா அடிக்கிறாங்க. ரேலி முறையோட கூடவே லிபரோவும் வந்தாச்சு. பாஸ் எடுக்கிறதுக்குன்னே பின்வரிசையில ஒரு ஆள், வேற கலர் சட்டையில. அந்த ஆளுக்கு லேசான சர்வீஸ் போடுறது, பந்தைத் தட்டுல வச்சு நீட்டுற மாதிரி.

இதெல்லாம் ரயில்ல வர்றப்பவே மனசுல ஓடுச்சு. ஆனா சும்மா பேசினாப் பத்தாதுல்ல? பைனல் முழுக்க யூடியூப்ல இருக்கு. ஹெட்போனை மாட்டிக்கிட்டு, ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு, மதுரை தாண்டினப்ப ஆரம்பிச்சேன். எங்க டீம் போட்ட ஒவ்வொரு சர்வீஸையும் குறிச்சேன். பக்கத்து சீட் மாமா நான் ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறேன்னு நினைச்சு லைட்டை அணைக்காம விட்டார், பாவம்.

பைனல்ல எங்க டீம் மொத்தம் 59 சர்வீஸ். பையன் போட்டது 12. அதுல 4 மிஸ். ஆமா, மூணுல ஒண்ணு மிஸ், அது அதிகம்தான். ஆனா உள்ள விழுந்த 8-ல 5 எங்களுக்குப் பாயிண்ட். ஆக 12-க்கு 5. மத்த அஞ்சு பேரும் சேர்ந்து போட்டது 47, மிஸ் வெறும் 3, ஜெயிச்சது 15. அதாவது பையன் நூத்துக்கு 42, மத்தவங்க நூத்துக்கு 32. அவன் இல்லைன்னா 13 வரைக்கும்கூட வந்திருக்க மாட்டோம்.

எனக்கு ஒரே சந்தோஷம். பெரியப்பாவை மடக்கிட்டோம்டான்னு நினைச்சுக்கிட்டேன். அந்த ஜோர்ல செமி பைனலையும் போட்டேன். அங்கதான் ஆப்பு. அவ்வ்வ்...

செமில எதிர் டீம் சுமார் ரகம். 25-14, 25-16னு ஜெயிச்சோம். அதுல மத்த அஞ்சு பேர் லேசாப் போட்ட 41 சர்வீஸ்ல 25 பாயிண்ட், நூத்துக்கு 61. பையன் போட்டது 8, மிஸ் 3, ஜெயிச்சது 4. நூத்துக்கு 50. அவங்களுக்குப் பாஸே எடுக்கத் தெரியல. லேசாப் போட்டாலே பந்து எங்கயோ போகுது. அந்த மாதிரி டீம்கிட்ட மிஸ் பண்றது உண்மையிலயே தண்டச் செலவு. "மூணு எடத்துல அவன் தப்பு பண்ணலாம்"னு பெரியப்பா சொன்னாரே, அது இவங்களுக்கு அப்படியே பொருந்துது.

பெரியப்பா ஆடின காலத்துல எங்க சுத்து வட்டாரத்துல பெரும்பாலும் இந்த மாதிரி டீம்தான். அப்ப அவர் கத்துக்கிட்ட பாடம் சரியான பாடம். ஸ்கூல் ஆட்டத்துக்கும், புதுசா ஆட வர்றவங்களுக்கும் இன்னிக்கும் அதுதான் சரி. ஆனா பைனல்ல எதிர்ல நின்னது வேற ரகம். அங்க அதே பாடத்தை வச்சுக்கிட்டு ஒரு பையனைத் திட்டினதுதான் தப்பு.

12 சர்வீஸை வச்சு முடிவு கட்டலாமான்னு கேப்பீங்க. கட்டக்கூடாது. ரெண்டு மேட்ச் ஒரு ஆதாரமே இல்லன்னு எனக்கும் தெரியும். ஆனா திட்டினவங்க வச்சிருந்தது ஒரே ஒரு சர்வீஸ்.

கணக்குல வராத விஷயமும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். ஒருத்தன் வரிசையா மிஸ் பண்ணா மத்த அஞ்சு பேர் சும்மா நின்னு வேடிக்கை பாக்கணும். பந்தைத் தொடாமலே பாயிண்ட் போறப்ப உடம்பு ஆறிடும், மனசு விட்டுரும். செட் சின்னதாக ஆக ஒவ்வொரு மிஸ்ஸும் இன்னும் பெரிசாத் தெரியும். 2019-ல நடந்த ப்ரோ வாலிபால் லீக்ல எல்லா செட்டும் 15 பாயிண்ட்தான் (சென்னை ஸ்பார்டன்ஸ் கப் அடிச்சாங்களே, அது). அந்த மாதிரி ஆட்டத்துல ரெண்டு மிஸ் சேர்ந்து வந்தா ஸ்டேடியமே அமைதியாயிரும். இதெல்லாம் பெரியப்பா பக்கத்து நியாயம். அதனால மிஸ் பண்றது பரவாயில்லன்னு நான் சொல்லல. மூணுல ஒண்ணு மிஸ் பண்றவன் அஞ்சுல ஒண்ணுக்கு வரணும். அதுக்குத் தினமும் காலைல போய் அம்பது சர்வீஸ் போடணும். திட்டு வாங்கி வீட்ல உக்காந்திருக்கிறவன் எங்க போய்ப் போடுவான்?

போன ஞாயித்துக்கிழமை பெரியப்பாவுக்கு போன் போட்டேன். அவர் ஜிம்மி ஜார்ஜ் பக்தர். 1986 சியோல் ஆசிய விளையாட்டுல இந்தியா வெண்கலம் வாங்கினப்ப அந்த டீம்ல ஜிம்மி ஜார்ஜ் இருந்தார். மறு வருஷமே இத்தாலியில கார் விபத்துல போயிட்டார், 32 வயசு. அந்தப் பேரை எடுத்தா பெரியப்பா குரலே மாறும். நான் அங்கேயிருந்தே ஆரம்பிச்சேன்.

"பெரியப்பா, ஜிம்மி ஜார்ஜ் மிஸ் பண்ணா திட்டுவீங்களா?"

"எவம்ல திட்டுவான்? அந்த ஆளு வேற."

"அவரும் 17 வயசுல ஜிம்மி ஜார்ஜ் இல்லையே பெரியப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் நோட்டுல இருந்ததை ஒவ்வொண்ணா வாசிச்சேன். பைனல் கணக்கை "ம்"ங்கிறதோட கேட்டார். செமி கணக்கு வந்ததும் குரல்ல ஒரு தெம்பு.

"அப்ப செமில நான் சொன்னதுதானல சரி?"

"சரிதான் பெரியப்பா."

"பைனல்ல அவன் போட்டது சரிங்க."

"ஆமா பெரியப்பா."

"அந்த நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு, பாப்போம்"னு வச்சிட்டார். ஒத்துக்கிட்டாரா இல்லையான்னு தெரியல. ஒத்துக்கிட்டேன்னு அவர் வாயால இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.

நேத்து சித்தப்பா பையன் பேசினான். பெரியப்பா அந்தப் பையன் வீட்டுக்குப் போயிருந்தாராம், என்ன பேசினாருன்னு தெரியலயாம். சாயங்காலம் பையன் கிரவுண்டுக்கு வந்திருக்கான். ஓரமா திண்டுல உக்காந்து ஆட்டம் பாத்துட்டுப் போயிருக்கான். இன்னும் கோர்ட்டுக்குள்ள இறங்கல.

அதனால மக்களே, ஸ்கூல், காலேஜ், ஊர்த் திருவிழான்னு எங்க ஆட்டம் பாக்கப் போனாலும், எவனாவது ஒரு பொடியன் ஓங்கி அடிச்சு நெட்ல விட்டா, உடனே கத்தாதீங்க. அதுக்கு முன்னாடி அவன் போட்ட சர்வீஸ்ல எத்தனை பாயிண்ட் வந்துச்சுன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. எதிர்ல நிக்கிறது யாருன்னு பாருங்க. கணக்கு அவனுக்கு எதிரா இருந்தா, மறுநாள் காலைல கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சொல்லுங்க. நானூறு பேர் முன்னாடி வேணாம்.

உங்கள்ல யாராவது இந்த மாதிரி ஒரே ஒரு தப்புக்காக ஆட்டத்தை விட்டவங்க இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. வாலிபாலா இருக்கணும்னு இல்ல, எந்த ஆட்டமா இருந்தாலும் சரி. பழைய 15 பாயிண்ட் முறையில ஆடின சீனியர் பதிவர்கள் யாராவது இருந்தா, அந்த 14-4 கதை எதாவது உங்ககிட்டயும் இருக்கும். அவசியம் எழுதுங்க. பெரியப்பாவுக்குப் பிரிண்ட் எடுத்து அனுப்பணும்.

டிஸ்கி 1: பத்துக்கு 3, பத்துக்கு 4னு சொன்னது புரியறதுக்காக நானா வச்சுக்கிட்டது. 59 சர்வீஸ் கணக்கு மட்டும் நோட்டுப் போட்டு எண்ணினது. ரயில் ஆட்டத்துல ஒண்ணு ரெண்டு விட்டிருந்தா மன்னிச்சிருங்க.

டிஸ்கி 2: அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப நானும் ஒரு ஜம்ப் சர்வீஸ் போட்டுப் பாக்கலாம்னு இருக்கேன். முட்டிவலி உண்மையாவே இருக்கு, அது பொய் இல்ல. ஹி ஹி.